மாப்பிள்ளை பார்க்கப் போன கார்

கோண்டாவில்
14.02.2010

அன்புத் தம்பி குகதாசனுக்கு,

உங்கை பனி கொட்டுதெண்டு ரேடியோவிலை சொன்னவை. நீயும் ரஜனியும் கவனமாய் இருங்கோ. எனக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. காதுதான் அப்பிடியே கிடக்கு. போனை உரத்து வைச்சால்தான் எனக்குக் கேக்கும்; உரத்து வைச்சால் அடுத்த வளவுக்கும் கேக்கும். அதாலைதான் இதை எழுதுறன். என்ரை பெட்டை ரூபிகாவுக்கு இப்ப தெரியவேண்டாம்.

எங்கடை ஒழுங்கை முடக்கிலை இருக்கிற சிவனேஸ்வரியை உனக்குத் தெரியும். என்னோடை ஒரே வாங்கிலை இருந்து படிச்சவள். மூத்த மகனைப் போன வருசம் வன்னியிலை பறிகுடுத்திட்டு, பாதி ஆளாய் இருக்கிறாள். இளையவன் ஐங்கரன் லக்சம்பேர்க்கிலை. வங்கியிலை வேலையாம். ரூபிகாவை அவனுக்குக் கேட்டு வந்திருக்கிறாள். சாதகம் பொருந்தியிருக்கு. நடுவிலை நிண்டு இதைச் செய்யிறது உங்கடை லா சப்பல் பூபாலசிங்கம்தான்.

பிள்ளைக்கு இருபத்தொன்பது. ரெண்டு சம்பந்தத்தை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாள். அத்தான் இருந்திருந்தால் நான் உன்னைக் கரைச்சல்படுத்தமாட்டன். நீ ஒருக்கால் போய் அந்தப் பெடியனை நேரிலை பாத்து எனக்கு எழுது. ஆள் எப்பிடி, குடிக்கிறவனோ, வீடு வாசல் எப்பிடி, எல்லாம்.

ஒண்டு சொல்லிப்போட்டன். ரெயினிலை போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நிக்காதை. காரிலை போ. பெண் பகுதி மரியாதையாய் வந்து இறங்கினது எண்டு இருக்கோணும். பூபாலசிங்கம் தன்ரை காரிலை ஆக்களை நாடு நாடாய் ஏத்தி இறக்கிறவராம். அவரைக் கேள்.

பதிலைச் சுணக்காதை.

அக்கா
கோசலை


லா சப்பல், பாரிஸ்
21.03.2010

அன்புள்ள அக்கா,

உங்கடை கடிதம் கிடைச்சது. முழங்கால் குறைவெண்டது சந்தோசம். தைலம் வாங்கி வைச்சிருக்கிறன், ஆரும் ஊருக்கு வந்தால் குடுத்துவிடுறன். எங்கள் ரெண்டு பேருக்கும் தடிமன். வேறை குறையொண்டும் இல்லை.

அக்கா, லக்சம்பேர்க் என்ன கோண்டாவில்லை இருந்து இணுவிலே? அது வேறை ஒரு நாடு. ரெயினெண்டால் ரெண்டு மணித்தியாலம் சொச்சம், பேப்பர் வாசிச்சு முடியமுன்னம் இறங்கலாம். மரியாதை ரெயினிலை வராது, காரிலைதான் வருமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

சொன்னது ஆரெண்டு எனக்குத் தெரியும். நான் கேக்கமுன்னமே பூபாலசிங்கம் அண்ணை ரூ காய் ரோட்டிலை நான் வேலை செய்யிற சீலைக்கடை வாசலிலை வந்து நிக்கிறார். "தம்பி, வீட்டு வாசலிலை ஏத்தி வீட்டு வாசலிலை இறக்குவன். தனிக் கார். நீங்களும் மனிசியும் மட்டும்" எண்டார். சீலை பாக்க வந்த சனத்துக்கு முன்னாலை "மருமகளுக்கு லக்சம்பேர்க் மாப்பிள்ளை" எண்டு வேறை உரத்துச் சொல்லிப்போட்டார். இப்ப இந்த ரோட்டிலை தெரியாத ஆள் இல்லை.

சித்திரை வருசம் கழிய வாற ஞாயிறு போறம். முதலாளி முகத்தைச் சுழிச்சுக்கொண்டுதான் லீவு தந்தவர்.

உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ.

தம்பி
குகதாசன்


லா சப்பல், பாரிஸ்
27.04.2010

அன்புள்ள அக்கா,

சுகமாய் இருப்பியள் எண்டு நினைக்கிறன். நாங்கள் போய்வந்திட்டம். என்ரை இடுப்பு இன்னும் வரேல்லை, அது மெற்ஸ் பக்கம் எங்கையோ கிடக்கு.

தனிக் கார் எண்டார் அல்லோ? காலமை கார் வரேக்கை முன் சீற்றிலை ஒரு பெரிய அலுமினிய அண்டா. மெற்ஸிலை ஆற்றையோ பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்காம். பின் சீற்றிலை சென் தெனியிலை ஏத்தின ஒரு மனிசி. ரான்ஸிலை இறங்குவாவாம். அவவுக்குப் பக்கத்திலை ரஜனி, மடியிலை லட்டுத் தட்டம். ஓரத்திலை நான், கதவோடை ஒட்டுப்பட்டு. "அண்ணை, இது தனிக் காரோ?" எண்டு கேட்டன். "எல்லாம் எங்கடை சனம்தானே தம்பி" எண்டார்.

வழி சொல்லுற மெசினிலை ஒரு பிரெஞ்சுப் பொம்பிளையின்ரை குரல். அது வலப்பக்கம் எண்டால் இவர் இடப்பக்கம். "உவவுக்கு என்ன தெரியும், நான் இருவது வருசம் ஓடுறன்" எண்டு அந்தக் குரலோடை சண்டை. பெரிபெரிக் சுத்து ரோட்டையே ஒண்டரைத் தரம் சுத்தினம். தேத்தண்ணிக்கு நிப்பாட்டினார், சிகரெட்டுக்கு நிப்பாட்டினார், தன்ரை மகளோடை போனிலை சண்டை பிடிக்கவும் நிப்பாட்டினார். மெற்ஸிலை அண்டா வீட்டைத் தேடி ஒரு மணித்தியாலம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறமெண்டு சொன்ன நாங்கள், பின்னேரத் தேத்தண்ணிக்குத்தான் போய்ச் சேர்ந்தம்.

லக்சம்பேர்க் சின்ன ஊர்தான் அக்கா. ஒரு நாட்டின்ரை தலைநகரம் எண்டு நம்பேலாது. நடுவிலை ஆழமான ஒரு பள்ளத்தாக்கு, அதுக்கு மேலாலை கல்லுப் பாலம், பள்ளத்துக்குள்ளை மரங்களும் சின்ன ஆறும். துப்பரவெண்டால் அப்பிடி ஒரு துப்பரவு. சனத்தைத்தான் தேடவேணும். எங்களை ஒரு கோப்பிக் கடை வாசலிலை இறக்கிப்போட்டுக் கார் நிப்பாட்ட இடம் தேடிப் போன பூபாலசிங்கம் அண்ணை, முக்கால் மணித்தியாலமாய் வரேல்லை.

பெடியன் உயரமான ஆள். மரியாதை தெரிஞ்சவன். குடிக்கிறவன் மாதிரித் தெரியேல்லை.

திரும்பி வரேக்கை மழை. அந்தக் கதையை எழுதினால் இன்னொரு தாள் வேணும்.

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கோ.

தம்பி
குகதாசன்


கோண்டாவில்
19.05.2010

தம்பி குகதாசனுக்கு,

இஞ்சை நல்ல வெய்யில். எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கெண்டு டொக்டர் சொல்லுறார். உன்ரை கடிதத்தை வாசிச்ச பிறகு சோதிச்சால் இன்னும் கூடியிருக்கும்.

நான் உன்னை என்னத்துக்கு அனுப்பினனான்? அண்டாவைப் பற்றி ஒரு பந்தி. பாலத்தைப் பற்றி ஒரு பந்தி. மாப்பிள்ளைக்கு மூண்டே மூண்டு வரி! பெடியன் உயரம் எண்டு போட்டோவிலையே தெரியுது. அவன் என்ன கதைச்சான்? ரூபிகாவைப் பற்றிக் கேட்டானோ? வீட்டை ஏன் கூட்டிக்கொண்டு போகேல்லை? பொம்பிளை பகுதியைக் கோப்பிக் கடையிலை வைச்சுச் சந்திக்கிறதோ உங்கடை மரியாதை?

சிவனேசு ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்திடுவாள். மூத்தவன் போன பிறகு சிரிக்காத மனிசி, இப்ப வந்திருந்து மணவறைக்கு என்ன பூ எண்டு கதைக்கிறாள். அவளின்ரை முகத்தைப் பாக்க எனக்கே ஆசையாய்க் கிடக்கு. ஆவணிக்குள்ளை கலியாண எழுத்தை முடிப்பம் எண்டுறாள். நான் உன்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.

வடிவாய், விபரமாய் எழுது. ரஜனிக்கு என்ரை அன்பு.

அக்கா
கோசலை


லா சப்பல், பாரிஸ்
11.07.2010

அன்புள்ள அக்கா,

பதில் சுணங்கிப்போச்சு, கோவிக்காதேங்கோ. கலியாணச் சீசன், கடையிலை நிக்கிற காலுக்கு ஓய்வில்லை. வெக்கை வேறை. மருந்தை நேரத்துக்கு எடுங்கோ. உப்பைக் குறையுங்கோ.

ஐங்கரன் பிழையான பெடியன் இல்லை. அதை எங்கை வேணுமெண்டாலும் சொல்லுவன். ஆனால் எல்லாத்துக்கும் ஏன் இந்த அவசரம்? எழுத்து ஆவணியிலைதான் நடக்கோணும் எண்டு ஆர் அழுதது? வெளிநாட்டிலை இருக்கிற பெடியன், பத்து யோசனை இருக்கும். அவனே தன்ரை வாயாலை தாய்க்குச் சொல்லட்டும். ரூபிகாவின்ரை பள்ளிக்கூட வேலையிலை மட்டும் கை வைக்காதேங்கோ. நிரந்தர நியமனம் லேசிலை கிடைக்கிற சாமானில்லை.

ரஜனி உங்களுக்குத் தனியாய் எழுதப்போறன் எண்டு நிக்கிறாள். நான்தான் வேண்டாம் எண்டு மறிச்சு வைச்சிருக்கிறன். அதாலை இந்த வீட்டிலை ரெண்டு கிழமையாய்க் கதை பேச்சில்லை.

வேறை புதினம் இல்லை.

தம்பி
குகதாசன்


கோண்டாவில்
22.08.2010

குகதாசனுக்கு,

நான் இருக்கிறன். உங்கடை சுகத்தையும் எழுதவும்.

உன்ரை கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். தலையும் விளங்கேல்லை, வாலும் விளங்கேல்லை. பிழையான பெடியன் இல்லையாம், ஆனால் அவசரப்படக் கூடாதாம். தாய்க்கு என்னத்தைச் சொல்லட்டும்? ரஜனி என்னத்தை எழுதப்போறாள்? நீ என்னத்தை மறிக்கிறாய்?

எனக்கு ஒண்டுதான் விளங்குது. ரூபிகா உங்காலை வந்தால் உனக்குத்தான் பொறுப்பு, நல்லது கெட்டதுக்கு நீதான் ஓடித்திரியவேணும். அது உனக்குக் கரைச்சல். உண்மையோ பொய்யோ? எங்கடை ஐயா போன பிறகு உன்னைப் படிப்பிச்சு அனுப்பினது நான் எண்டதை எழுத எனக்கு வெக்கமாய்க் கிடக்கு, ஆனால் எழுத வைச்சிட்டாய்.

எழுத்து தை மாசம் எண்டு நாங்கள் ரெண்டு தாய்மாரும் முடிவெடுத்திட்டம். ரூபிகாவை ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்லிப்போட்டன். குடுத்திட்டன் எண்டாள். இனி நீ எழுதினாலும் ஒண்டுதான், எழுதாட்டிலும் ஒண்டுதான்.

கோசலை


கோண்டாவில்
30.09.2010

அன்புள்ள மாமாவுக்கு,

மாமியும் நீங்களும் சுகமாய் இருப்பியள். அம்மாவுக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்திலை இருந்து எழுதுறன். பதிலையும் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடுங்கோ.

சுத்தி வளைக்காமல் சொல்லுறன். ஐங்கரனுக்கு அங்கை ஒரு குடும்பம் இருக்கு. ஒரு பெண் குழந்தையும் இருக்கு. ஆடி மாசம் ஸ்கைப்பிலை கதைக்கேக்கை அவரே எனக்குச் சொன்னவர். "அம்மாவுக்குச் சொல்லுங்கோ" எண்டன். "என்னாலை ஏலாது, நீங்கள் என்னை வேண்டாமெண்டு சொல்லுங்கோ" எண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, விசரும் வந்தது. நான் ஏற்கெனவே ரெண்டு பேரை மறுத்தனான். மூண்டாவதையும் காரணம் சொல்லாமல் மறுத்தால் அம்மா என்னோடை கதைக்கவே மாட்டா. காரணத்தைச் சொன்னால் நான் கதை கட்டிவிடுறன் எண்டு சிவனேசு மாமி ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிவா.

"உங்கடை மாமாவுக்குத் தெரியும், அவர் கட்டாயம் எழுதுவார்" எண்டு ஐங்கரன் சொன்னார். அதைக் கேட்டதிலை இருந்து தபால்காரன் வரேக்கை எல்லாம் அம்மாவின்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். அம்மா உங்கடை கடிதத்தை வாசிப்பா, கண்ணாடியைக் கழட்டுவா, "உவன் என்ன எழுதியிருக்கிறான்!" எண்டு மேசையிலை எறிவா. அவ்வளவுதான்.

உண்மையாய் நீங்கள் அந்தப் பிள்ளையைப் பாத்தனீங்களோ மாமா? பாத்திருந்தால் ஏன் சொல்லேல்லை?

ராஜினாமாவை நான் குடுக்கேல்லை. அம்மாவுக்குப் பொய் சொன்னனான். பதினோராம் வகுப்புப் பிள்ளையளைச் சோதினைக்கு ரெண்டு மாசம் கிடக்கேக்கை விட்டிட்டு நான் ஒரு இடமும் போறதாய் இல்லை. அந்தப் பொய்யையும் கனநாளைக்கு இழுக்கேலாது. நீங்கள் பாத்ததை நீங்களே எழுதித் தந்தால், மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.

மாமிக்கு என்ரை அன்பு.

மருமகள்
ரூபிகா


லா சப்பல், பாரிஸ்
12.10.2010

அன்பு மகள் ரூபிகாவுக்கு,

உன்ரை கடிதத்தை ரஜனிதான் முதல் வாசிச்சவள். வாசிச்சுப்போட்டு என்ரை முகத்துக்கு முன்னாலை பிடிச்சாள். கனநாளைக்குப் பிறகு என்னோடை கதைச்சது அண்டைக்குத்தான்: "இப்பவாவது எழுதுங்கோ."

ஓம், பாத்தனான். நடந்ததை நடந்தபடி எழுதுறன்.

கோப்பிக் கடைக்குள்ளை நாங்கள் போகேக்கை ஐங்கரன் முதலே வந்து இருந்தவர். மடியிலை ரெண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெட்டைக் குழந்தை. ஆரோ கூட்டாளியின்ரை பிள்ளை எண்டு நினைச்சன்.

"ஆற்றை பிள்ளை தம்பி?"

"என்ரைதான் அங்கிள்."

அதுக்கு நான் என்ன கேட்டனான் தெரியுமோ? "பிள்ளை சாப்பிட்டதோ?" எண்டு கேட்டன். ரஜனி லட்டுத் தட்டத்தை அவிட்டு, பிள்ளைக்கு ஒண்டைப் பிச்சுக் குடுத்தாள். உன்ரை பேரிலை கொண்டுபோன லட்டு.

பக்கத்து மேசையிலை தனிய இருந்த பெட்டையைக் காட்டி, "அது ரோசாலி, போர்த்துக்கல்காரி, என்னோடை வேலை செய்யிறவ, நாலு வருசமாய் ஒண்டாய் இருக்கிறம்" எண்டார். வங்கியிலை வேலை எண்டது பொய்யில்லை. வங்கியின்ரை சமையலறையிலை.

எனக்குக் கோவம் வந்திட்டுது. "அப்ப எங்களை ஏன் கூப்பிட்டனீர்?"

"நான் கூப்பிடேல்லை அங்கிள். அம்மா அனுப்பினவ. அண்ணா செத்த பிறகு அம்மா போனிலை கதைக்கிறது இந்தக் கலியாணம் ஒண்டைப் பற்றித்தான். இதை நிப்பாட்டினால் அவ வேறை என்னத்தைக் கதைப்பா எண்டு எனக்குத் தெரியேல்லை."

"அதுக்கு?"

"நீங்கள் போய் மாப்பிள்ளை பிடிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. முடிஞ்சுது."

"உமக்கு வாயில்லையோ? உம்மடை கொம்மாவுக்கு நான் ஏன் சொல்லோணும்? நான் சொல்லமாட்டன். நீர்தான் சொல்லவேணும்" எண்டன். அவர் குனிஞ்சுகொண்டு இருந்தார். அந்த நேரம் பார்த்துப் பூபாலசிங்கம் அண்ணை கண்ணாடிக் கதவுக்கு வெளியிலை தெரிஞ்சார். அவர் கண்டால் ஊரெல்லாம் சொல்லிப்போடுவார். ரோசாலி தானே எழும்பி வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மற்றக் கதவாலை போயிட்டுது. எங்களைத் திரும்பிப் பாக்கேல்லை. அந்தப் பிள்ளை மட்டும் தோளுக்கு மேலாலை ரஜனியைப் பாத்துக்கொண்டு போச்சுது.

எனக்கு இண்டுவரைக்கும் நெஞ்சுக்குள்ளை கிடக்கிறது அதுதான். ஒரு தாய் தன்ரை பிள்ளையை ஒளிச்சுக்கொண்டு போறதை மூண்டு பெரிய மனிசர் சட்டை மடிப்புக் குலையாமல் பாத்துக்கொண்டு இருந்தம்.

ஏன் எழுதேல்லை எண்டு கேட்டாய். எனக்குப் பயம். சிவனேசக்காவுக்கு ஒரு பிள்ளையைப் பறிகுடுத்த இழவு, உன்ரை அம்மாவுக்கு ரத்த அழுத்தம். அந்தப் பெடியன் எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறான், நான் அவனுக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறன், நீ எங்கள் ரெண்டு பேருக்குமாகப் பாத்துக்கொண்டிருந்திருக்கிறாய். என்ன மனிசரடா நாங்கள்!

இந்தக் கடிதத்தை அப்பிடியே அம்மாவிட்டைக் குடு. மருந்து போட்ட பிறகு குடு. பக்கத்திலை இரு.

மாமா
குகதாசன்


கோண்டாவில்
18.11.2010

தம்பி குகதாசனுக்கு,

எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. நெஞ்சும் அடைக்கேல்லை, தலையும் சுத்தேல்லை. ரூபிகா தண்ணியும் குளிசையுமாய்ப் பக்கத்திலை நிண்டாள். "போய்க் கொப்பியைத் திருத்து" எண்டு கலைச்சுவிட்டன்.

நான் என்ன கண்ணாடிச் சாமானே? பங்கருக்குள்ளை இருந்து பிள்ளை வளர்த்தனான். புருசனுக்குக் கொள்ளி வைச்ச அடுத்த கிழமை வேலைக்குப் போனனான். எனக்கு ஒரு உண்மையைச் சொல்ல மூண்டு படிச்ச ஆக்களுக்குப் பயமாம். எனக்குக் கோவம் அந்தப் பெடியனிலை இல்லை. உங்களிலைதான். தை மாசத்திலை எழுத்து நடந்திருந்தால், அந்தப் போர்த்துக்கல் பெட்டைக்கு நான் என்ன மறுமொழி சொல்லியிருப்பன்?

ஒருத்தரும் சொல்லமாட்டியள் எண்டு விளங்கினபடியால், சீலையை மாத்திக்கொண்டு நானே சிவனேசுவிட்டைப் போனன். அவள் முருக்கங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சிவனேசு, இந்தக் கலியாணம் நடக்காது. உனக்கு ஒரு பேத்தி இருக்கு" எண்டன்.

முதல்லை என்னை விசரி மாதிரிப் பாத்தாள். பிறகு கத்தத் தொடங்கினாள். என்ரை பெட்டைக்கு விருப்பமில்லாமல் தன்ரை பிள்ளையிலை பழி போடுறனாம். இனி இந்த வாசல்படி மிதிக்காதை எண்டாள். கத்தியும் கையுமாய் நிண்டாள். நான் கேற்றைச் சாத்திப்போட்டு வந்தன்.

நாலைஞ்சு நாள் ஆளைக் காணேல்லை. மகனுக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறாள் போல. நேற்றுப் பின்னேரம் எங்கடை கேற்றடியிலை வந்து நிக்கிறாள். உள்ளை வரமாட்டாளாம். "பிள்ளை ஆரைப் போல?" எண்டு கேட்டாள். நான் எங்கை பாத்தன்? "மூத்தவனைப் போல இருக்குமோ?" எண்டாள். அதோடை கேற்றைப் பிடிச்சுக்கொண்டு அழத் தொடங்கினாள். நானும் அழுதன். ரெண்டு கிழவியள் ஒழுங்கையிலை நிண்டு அழுததைத் தேங்காய் விக்க வந்தவனும் பாத்துக்கொண்டு போறான்.

பிள்ளை ஆரைப் போல, பேர் என்ன? உடனை எழுது.

அக்கா
கோசலை

ரஜனிக்குச் சொல்லு: அவள் எழுதியிருந்தால் வைகாசியிலை ஏறின என்ரை அழுத்தம் ஆடியிலையே இறங்கியிருக்கும்.


லா சப்பல், பாரிஸ்
05.12.2010

அன்புள்ள அக்கா,

நீங்கள் நல்லாய் இருக்கிறதை வாசிச்ச பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. என்னை இன்னும் நாலு பேச்சுப் பேசியிருந்தாலும் காணாது.

பிள்ளையின்ரை பேர் இனேஸ். ஐங்கரனுக்குப் போன் எடுத்துக் கேட்டன். ஆரைப் போல எண்டு மட்டும் என்னைக் கேக்காதேங்கோ. பாத்து வந்து சொல்லுற வேலைக்கு நான் சரிப்பட்டு வரமாட்டன். சிவனேசக்காவே வந்து தன்ரை கண்ணாலை பாக்கட்டும். ஐங்கரன் விசாவுக்குக் கடிதம் எழுதித் தாறன் எண்டு அழுதழுது சொல்லுறார்.

ரூபிகாவுக்குச் சோதினை வேலை முடிஞ்சுதோ? அவளுக்கு எங்கடை அன்பு.

தம்பி
குகதாசன்


கோண்டாவில்
08.06.2011

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். ரூபிகாவின்ரை பதினோராம் வகுப்புப் பிள்ளையள் கணக்கிலை ஒருத்தரும் பெயில் இல்லை. அவள் இப்ப சம்பந்தம் எண்ட சொல்லை எடுத்தாலே கொப்பியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளை போயிடுவாள். நானும் விட்டிட்டன்.

சிவனேசுவுக்கு விசா வந்திட்டுது. முதல்லை "போகமாட்டன், என்னை ஏமாத்தினவன்ரை முகத்திலை முழிக்கமாட்டன்" எண்டுதான் நிண்டவள். பிள்ளையின்ரை பேரைச் சொன்னன். "இனேசு" எண்டு வாய்க்குள்ளை சொல்லிப் பாத்தாள். "என்ரை பேரின்ரை வாலெல்லோ" எண்டாள். அடுத்த கிழமை பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வெளிக்கிட்டவள்.

நேரை மகனிட்டைப் போகமாட்டாளாம். முதல் உன்ரை வீட்டை வந்து, உன்னோடைதான் போவாளாம். மனம் மாறினால் திரும்பி வர வசதியாம். காரிலை கூட்டிக்கொண்டு போ. ரெயினிலை அவளை ஏத்தினால் எந்த ஸ்ரேசனிலை இறங்குவாள் எண்டு ஆருக்குத் தெரியும்?

கவனமாய்ப் பார்.

அக்கா
கோசலை


லா சப்பல், பாரிஸ்
02.08.2011

அன்புள்ள அக்கா,

எங்களுக்குச் சுகத்துக்குக் குறையில்லை, பொறுமைக்குத்தான் குறை. உங்கடை சிநேகிதியை ஒப்படைச்சிட்டு வந்திட்டன்.

வேறை கார் பிடிப்பம் எண்டுதான் பாத்தனான். சிவனேசக்காவுக்குத் தெரியாத ஆளின்ரை காரிலை ஏற ஏலாதாம். பிறகென்ன, அதே பூபாலசிங்கம் அண்ணைதான். சம்பந்தம் குழம்பின கோவம் அவருக்கு இன்னும் போகேல்லை. மூஞ்சையை நீட்டிக்கொண்டுதான் ஓடினார்.

பாரிசை விட்டு வெளிக்கிட்ட உடனை தொடங்கினா. "குகன், இது சரிவராது, காரைத் திருப்பச் சொல்லு." ரஜனி தேத்தண்ணியை ஊத்திக் குடுத்துச் சமாளிச்சாள். கொஞ்சத் தூரம் போக, "நான் என்ன வெக்கங்கெட்டவளே? திருப்பச் சொல்லு." இப்பிடியே ரான்ஸ் வரைக்கும். பூபாலசிங்கம் அண்ணைக்கு விசர் பிடிச்சிட்டுது. அடுத்த வெளியேற்றத்தாலை இறங்கி, காரை உண்மையாவே பாரிஸ் பக்கம் திருப்பிப்போட்டார்.

சிவனேசக்கா நிமிர்ந்து இருந்தா. "ஏன் திருப்பினனீர்?"

"நீங்கள்தானே அக்கா சொன்னியள்!"

"நான் சொன்னால்? வயது போன மனிசி ஆயிரம் சொல்லுவன். நீரெல்லோ கார் ஓடுறனீர்?"

அடுத்த வழியாலை இறங்கித் திரும்பவும் லக்சம்பேர்க் பக்கம்.

ஸ்ரேசனுக்குப் பின்பக்கம் ஒரு மாடி வீடு. ஐங்கரன் வாசலிலை நிண்டார். தாய் அவரைத் தாண்டித்தான் போனா, பாக்கேல்லை. ரோசாலி கையைக் கூப்பிக்கொண்டு "வாங்கோ" எண்டுது. எத்தினை நாள் பழகிச்சுதோ. பிள்ளை தாயின்ரை காலுக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொண்டு நிண்டது. இவ கதிரை நுனியிலை இருந்தா. கைப்பையை மடியிலை வைச்சு ரெண்டு கையாலும் பிடிச்சபடி. தேத்தண்ணி வந்தது, தொடேல்லை. கேக் வந்தது, தொடேல்லை. இப்ப எழும்பிப் போவம் எண்டு சொல்லப்போறா எண்டு நான் காலைச் சப்பாத்துக்குள்ளை விட்டன்.

"பிள்ளை ஏன் இப்பிடி மெலிவு?" எண்டா. ஆரைக் கேட்டவ எண்டு தெரியேல்லை. ஐங்கரன், "சாப்பிடுறவள் அம்மா" எண்டார். "உன்னை நான் கேக்கேல்லை" எண்டா.

பிறகு, "தலைக்கு எண்ணெய் வைக்கிறேல்லையோ?" எண்டா. பிள்ளை மெல்ல மெல்லக் கிட்ட வந்து, அந்தக் கைப்பையின்ரை பூட்டைத் தொட்டுப் பாத்தது. இவ கையை நீட்டி, காதை மறைச்ச சுருட்டை மயிரை ஒதுக்கினா. காது குத்தேல்லை எண்டு அடுத்த குறை சொல்லத்தான் எண்டு எனக்குத் தெரியும்.

காதிலை சின்னப் பொன் தோடு.

கனநேரம் அதையே பாத்தா. மற்றக் காதையும் பாத்தா.

"ஆர் குத்தினது?"

"ரோசாலியின்ரை அம்மா. பிறந்த மூண்டாம் மாசமே குத்திப்போட்டா. அவையின்ரை ஊரிலையும் அப்பிடித்தானாம்."

சிவனேசக்கா கைப்பையைக் கீழை நிலத்திலை வைச்சா. அப்பதான் மகனை நிமிர்ந்து பாத்தா.

"அந்த மனிசி எங்கை?"

"பக்கத்து ரோட்டிலைதான் அம்மா."

"போய்க் கூட்டிக்கொண்டு வா. நான் வந்திருக்கிறன் எண்டு சொல்லு."

இதுக்கு மேலை எனக்கு எழுதத் தெரியேல்லை அக்கா. ரூபிகாவுக்கும் உங்களுக்கும் எங்கடை அன்பு.

தம்பி
குகதாசன்